மரத்துக்கு ஊற்றிய டீ

லூர்துமேரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. வேறு வழியில்லை. எங்கள் கம்பெனி வரவேற்பறையில் நின்ற மரத்தைப் பாழாக்கியவன் நான். பழி விழுந்தது அவர் தலையில். இத்தனை வருஷமாக இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எழுதும்போதே கை கூசுகிறது.

என் பெயர் சம்பந்தம். ஊர் விருதுநகர். தொண்ணூற்றெட்டில் ஹைதராபாத்துக்கு வந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய வேலை என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். கம்ப்யூட்டரில் எதை அழுத்தினால் எது வரும் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. நான் அட்மின் ஆபீஸர். நாற்காலி உடைந்தாலும், ஏ.சி. ஒழுகினாலும், கக்கூஸில் தண்ணீர் வராவிட்டாலும் எல்லாரும் தேடுகிற ஆள். செகந்திராபாத்தில் சங்கீத் சந்திப்புக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் அப்போது எங்கள் ஆபீஸ். அறுபது பேர். எல்லாரும் சின்ன வயசு, எல்லாருக்கும் அமெரிக்கா போகிற அவசரம். எனக்கு முன்கோபம் கூடவே பிறந்தது. அதோடு கொஞ்சம் அதிகாரமும் கைக்கு வந்ததால் தலைகால் தெரியாமல் ஆடிய காலம் அது.

லூர்துமேரி ஹவுஸ்கீப்பிங் ஏஜென்சி மூலமாக வந்தவர். அப்போதே நாற்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து லாலாகூடா ரயில்வே பட்டறைக்கு வந்த குடும்பம். தாத்தா, அப்பா, கட்டிக்கொண்ட செல்லப்பா, மூன்று பேரும் ஒரே பட்டறையில் ரயில்பெட்டி வேலை பார்த்தவர்கள். செல்லப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் லூர்துமேரி வேலைக்குக் கிளம்பினார். எங்கள் ஆபீஸை அவர் கேட்டு வாங்கியதற்கு ஒரே காரணம், வீடு பக்கம் என்பது. மத்தியானம் ஒரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போவார். புருஷனைத் துடைத்துவிட்டு, சோறு ஊட்டி, மறுபக்கம் திருப்பிப் படுக்கவைத்துவிட்டு இரண்டு மணிக்குத் திரும்பிவிடுவார். ஒரு நாளும் இரண்டு ஐந்து ஆனதில்லை. நானே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

அவர் பேசுகிற தமிழில் பாதி எனக்கு ஆரம்பத்தில் புரியாது. தமிழ் பேசிக்கொண்டே வருவார், நடுவில் ஆமாம் என்பதற்கு ஹவ் என்பார், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்பார், எதுக்கு என்பதற்குக் கைக்கு என்பார். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர். ஆனால் ஆபீஸில் என்னோடு தமிழ் பேசக் கிடைத்த ஒரே ஆள். பான்ட்ரியில் அவர்தான் டீ போடுவார். இஞ்சியை நசுக்கிப் போட்டு, பாலைச் சுண்டவிட்டு, பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் தட்டில் வைத்து மேஜை மேஜையாகக் கொண்டுபோவார். யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு ஆடை பிடிக்காது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இனி மரம். கம்பெனி தொடங்கிய அன்று எம்.டி. நர்சரியிலிருந்து தன் காரிலேயே வைத்துக் கொண்டுவந்தது. ஆளுயரம். மூன்று தண்டைப் பின்னல் போட்டு வளர்த்திருந்தார்கள். மேலே சின்னச் சின்னப் பளபள இலைகளோடு கிளைகள் தொங்கும். நர்சரிக்காரர் ஃபைக்கஸ் என்றார். ஆலமரத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். இலையைக் கிள்ளினால் பால் வரும். அது வந்த வாரமே முதல் அமெரிக்க ஆர்டர் கிடைத்ததால், எம்.டி.க்கு அது மரமில்லை, குலதெய்வம்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு போட்டோ நன்றாக வரட்டும் என்று நான் தொட்டியை ஜன்னலோரத்திலிருந்து இழுத்துக் கதவுப் பக்கம் வைத்தேன். ஒரே வாரத்தில் கார்ப்பெட் முழுக்க இலை. மரம் செத்தது என்று நான் பதறியபோது லூர்துமேரிதான் வந்து பார்த்தார்.

"இடம் மாத்திட்டீங்க சார். கோவிச்சுக்கிச்சு. பழைய இடத்துலயே வச்சி சும்மா விடுங்க."

"தண்ணி ஊத்தணுமா? உரம் கிரம் வாங்கவா?"

"ஒண்ணும் நக்கோ. சும்மா விடுங்க. கோவம் தீந்தா அதுவே எல விடும்."

சும்மா விட்டோம். ஒரு மாதத்தில் துளிர்த்தது. அன்றிலிருந்து மரம் அவர் பொறுப்பு. எப்படித் தெரியும் என்று கேட்டேன். ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர் வீட்டு வாசலில் அரை டஜன் டின்களில் செடி வைத்திருந்தாராம், அவ்வளவுதான். காலையில் வந்ததும் ஆள்காட்டி விரலைத் தொட்டி மண்ணுக்குள் இரண்டு கணு அளவுக்கு விட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால்தான் தண்ணீர். ஈரம் தெரிந்தால் மறுநாள். சனிக்கிழமை பழைய வேட்டித் துணியை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைப்பார், அடியில் உள்ளங்கையைக் கொடுத்து மேலே துணியால் வருடி. ஏ.சி. காற்று நேராகப் படாமல் இருக்க ஒரு அட்டையை மேலே செருகிவைத்தார். நான் அது அசிங்கமாக இருக்கிறது என்று இரண்டு தடவை எடுத்தேன். இரண்டு தடவையும் மறுநாள் காலையில் அது அங்கேயே இருந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாக மூட ஆரம்பித்தன. எங்களுக்கும் ஆர்டர் வற்றியது. எம்.டி. எல்லாவற்றிலும் சிக்கனம் என்றார். மற்றவர்கள் ஆளைக் குறைத்தார்கள். நான் என் சாமர்த்தியத்தைக் காட்ட ஒரு டீ மெஷினைக் கொண்டுவந்தேன். பித்தானை அழுத்தினால் பால்பவுடர், சர்க்கரை, சாயம் எல்லாம் கலந்து கொட்டும். லூர்துமேரியின் பால் பாத்திரமும் இஞ்சிக் கல்லும் பான்ட்ரி அலமாரிக்குள் போயின. அவரைத் தரை துடைக்கப் போட்டேன். "மெஷின் சூடா வருமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

சூடாகத்தான் வந்தது. குடிக்கத்தான் முடியவில்லை. பவுடர் நாற்றம், திகட்டுகிற சர்க்கரை. பிள்ளைகள் ஒரு வாய் குடித்துவிட்டு வாஷ்பேசினில் கொட்டினார்கள். எம்.டி. அதைப் பார்த்துவிட்டு, உங்கள் மெஷின் நன்றாக இருக்கிறதா சம்பந்தம் என்று கேட்டார். பிரமாதம் சார் என்றேன். அன்று சாயங்காலமே நோட்டீஸ் ஒட்டினேன்: எடுத்த டீயைக் குடிக்கவும், கொட்டுவது குற்றம், கொட்டுபவர் பெயர் எழுதிக்கொள்ளப்படும். கீழே என் கையெழுத்து.

இனி நான் குடித்துக் காட்டியாக வேண்டும் அல்லவா? தினமும் பதினொன்றுக்கும் நாலுக்கும் காகிதக் கோப்பையை எடுத்துக்கொண்டு வரவேற்பறைக்கு வந்து, நாலு பேர் பார்க்க நின்று, ரசித்துக் குடிப்பது போல் பாவனை செய்வேன். பாதிக்கு மேல் தொண்டையில் இறங்காது. பேசினில் கொட்ட முடியாது, என் நோட்டீஸே அங்கே தொங்குகிறது. குப்பைக் கூடையில் ஊற்றினால் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் மரம் நின்றது. ரிசப்ஷனில் இருக்கும் பெண் போனில் பேசத் திரும்பும்போது மிச்சத்தைத் தொட்டியில் சாய்த்துவிடுவேன்.

அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் வடிகட்டின டீத்தூளை அலசி ரோஜாச் செடிக்குப் போடுவது வழக்கம். நல்ல உரம் என்பார்கள். அலசின தூளுக்கும், பாலும் சர்க்கரையும் கலந்த டீக்கும் வித்தியாசம் தெரியாத மண்டு இல்லை நான். நினைத்துப் பார்க்க விருப்பமில்லை, அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் தொட்டி மண்ணில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. திங்கட்கிழமை காலையில் மேல்மண் புதிதாக இருக்கும். லூர்துமேரி பழைய மண்ணைச் சுரண்டி எடுத்து, எங்கிருந்தோ ஒரு பையில் செம்மண் கொண்டுவந்து போடுவார். அக்கறையான பொம்பளை என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு நாள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை பக்கெட் இருந்தது. சின்ன பக்கெட், காலி. வரவேற்பறையில், சோபாவுக்கு எதிரில். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன மேரிம்மா இது? கிளையண்ட் வர்ற எடத்துல பக்கெட்டக் கொண்டாந்து வச்சிருக்கீங்க?"

"ஏதும் ஊத்தறதா இருந்தா ஊத்த உதவும்னு சார்."

"எதை ஊத்த? இங்க யாரு என்ன ஊத்தப் போறா? எடுங்க முதல்ல!"

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு பக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாயிரத்து இரண்டு ஜூலையில் எறும்பு வந்தது. தொட்டியிலிருந்து கார்ப்பெட், கார்ப்பெட்டிலிருந்து சோபா. அதன்பின் கொசுவைவிடச் சின்னதாக ஒரு பூச்சி, மண்ணுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருந்தது. புளித்த வாடை. இலைகள் மஞ்சளாகி, தொட்டாலே உதிர்ந்தன. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். எறும்பைப் பார்த்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றோடு ஊற்றுவதை நிறுத்தினேன். வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டில் எம்.டி. எங்கள் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கைவசம் இருந்த கடைசிப் பெரிய ஆர்டரும் அந்த வாரம்தான் போயிருந்தது. அவருக்கு மரம் காய்வதும் ஆர்டர் போவதும் ஒன்றுதான். அமைதியாகத்தான் பேசினார். மரம் ஏன் இப்படி ஆனது, யார் பொறுப்பு என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அந்த மெஷின், அந்த நோட்டீஸ், வரவேற்பறையில் நான் போட்ட வேஷம் எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. சொன்னால் சிரிப்பார்கள். வேலை போகாது, ஆனால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து, நான் லூர்துமேரியின் பக்கம் திரும்பினேன்.

"தண்ணி அதிகமா ஊத்திட்டீங்களா மேரிம்மா?"

அவர் என்னைப் பார்த்தார். எம்.டி.யைப் பார்க்கவில்லை, என்னைத்தான்.

"ஹவ் சார்" என்றார். "ஊத்தியிருப்பேன்."

அவ்வளவுதான் விசாரணை. தினமும் விரல் வைத்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியவர், அதிகமாக ஊற்றியதாக ஒப்புக்கொண்டார். ஏன் ஒப்புக்கொண்டார் என்று நான் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. பராமரிப்பில் அலட்சியம் என்று ஏஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார் எம்.டி. என் கையால் எழுதினேன்.

ஏஜென்சி சூப்பர்வைசர் யோகேஷ் மறுவாரம் வந்தான். புகார் வந்த ஆளை அதே இடத்தில் வைக்க மாட்டோம், ஒரு மாதத்தில் வேறு ஆள் தருகிறோம், இந்த அம்மாவை ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனிக்குப் போடுகிறோம் என்றான். லூர்துமேரி அன்று சாயங்காலம் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"சார், ஜீடிமெட்லான்னா நான் மத்தியானம் வீட்டுக்குப் போக முடியாது. பொண்ணு ஸ்கூலுக்குப் போயிடும், அவர திருப்பிப் போட ஆள் இல்ல. யோகேஷ்கிட்ட நீங்க ஒரு வார்த்த சொன்னா இந்தப் பக்கமே எங்கயாவது போடுவான்."

"பாக்கலாம்" என்றேன்.

பார்க்கவில்லை. யோகேஷ் அந்த மாதத்தில் நாலு தடவை ஆபீஸுக்கு வந்தான். ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுத்தேன். உடனே, ஏன் சார் நீங்கள்தானே புகார் எழுதினீர்கள் என்று கேட்பானே என்று தோன்றும். பினாயில் வாடை, மாப் குச்சி என்று வேறு எதையாவது பேசி அனுப்பிவிடுவேன். இவ்வளவு சின்னக் காரியம். ஒரு வார்த்தை.

கடைசி நாளில் மரம் ஒரு இலைகூட இல்லாமல் மூன்று பின்னல் குச்சியாக நின்றது. குப்பை வண்டிக்குப் போடச் சொல்லியிருந்தேன். லூர்துமேரி கேட்டார், "நான் எடுத்துக்கட்டுமா சார்?" செத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். வாட்ச்மேனும் அவருமாகத் தூக்கிக் கீழே ஆட்டோவில் ஏற்றினார்கள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஆட்டோவுக்கு வெளியே குச்சிகள் நீட்டிக்கொண்டு போயின.

பிறகு காலம் மாறியது. ஆர்டர்கள் திரும்ப வந்தன. அறுபது பேர் அறுநூறு பேரானோம். மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடத்துக்குப் போனோம். எனக்கு மேனேஜர் பட்டமும் தனி அறையும் கிடைத்தன. செடிகளுக்கென்று ஒரு கம்பெனியே வந்து தொட்டி தொட்டியாக வாடகைக்கு வைத்தது. அதில் ஃபைக்கஸும் இருந்தது. நான் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஆபீஸில் டீ குடிப்பதையும் விட்டேன். கேட்டவர்களிடம் அல்சர் என்றேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில், புதிதாகச் சேர்ந்தவர்களின் ஐ.டி. கார்டு படிவங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் என்று ஒரு பெண். டெஸ்டிங் பிரிவு. அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்: தாய், லூர்துமேரி, லாலாகூடா. அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று இருந்தது. கூப்பிட்டனுப்பினேன். வந்து நின்ற பெண்ணுக்கு அம்மாவின் கண் அப்படியே இருந்தது. தமிழில் கேட்டேன். அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொன்னாள்.

"யெஸ் சார், மம்மி உங்க ஓல்ட் ஆபீஸ்ல ஒர்க் பண்ணாங்க. ஷி ஆல்வேஸ் ஸேஸ், சம்பந்தம் சார் ரொம்ப நல்லவர்னு. ஒன்ஸ் வீட்டுக்கு வாங்க சார். அந்த ட்ரீயும் இருக்கு."

"எந்த ட்ரீ?"

"ஆபீஸ் ட்ரீ சார்."

நல்லவர் என்ற சொல் மூன்று நாள் என்னைத் தூங்கவிடவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்திருக்கும் நேரம் பார்த்து, ஆப்பிள் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு லாலாகூடாவுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. வழி நெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

சர்ச்சுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. முன்னறை ஜன்னலோரத்தில், பாதியாக வெட்டிய நீல டிரம்மில் மரம் நின்றது. உச்சி கூரையைத் தொட்டுவிடும் என்று நறுக்கியிருந்தார். அதே மூன்று பின்னல், இப்போது என் மணிக்கட்டைவிடத் தடியாக ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. ஒரு இலையில் தூசி இல்லை.

"வாங்க சார். எளச்சிட்டீங்களே" என்றார் லூர்துமேரி. தலை முழுக்க நரைத்திருந்தது. மரத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். ரோஸ்லின் வணக்கம் வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள்.

"இது எப்படி மேரிம்மா பொழச்சிது?"

"சாகவே இல்லயே சார். தொட்டியிலேருந்து எடுத்துப் பாத்தா வேரு பாதி கறுத்து அழுகிக் கெடந்துச்சு. அருவாமணையில அழுகினத நறுக்கிட்டு, மிச்சத்தக் கழுவி, மணல் கலந்த மண்ணுல வச்சேன். ஏழு மாசம் குச்சியா நின்னுச்சு."

"ஏழு மாசமா?"

"ஹவ். அவரு கட்டிலுக்குப் பக்கத்துலதான் வச்சிருந்தேன். அவருக்கு எடது கை வரும்ல. தெனம் நகத்தால தண்ட லேசா சொரண்டிப் பாப்பாரு. உள்ள பச்ச தெரிஞ்சா உசுரு இருக்குன்னு அர்த்தம். நான் வேலைலேருந்து வந்ததும் மொத வார்த்த அதான், பச்ச இருக்கு மேரின்னு."

குனிந்து பார்த்தேன். கட்டில் உயரத்தில் தண்டில் சின்னச் சின்னத் தழும்புகள், வரிசையாக.

"ஜீடிமெட்லா வேலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்காமலும் இருந்திருக்கலாம். கேட்கத்தானே வந்தேன்.

"விடியறதுக்கு முன்னாடியே கெளம்பணும் சார். செகந்திராபாத்ல ஒரு பஸ், பாலாநகர்ல ஒரு பஸ். திரும்ப ஏழாயிடும். பக்கத்து வீட்டம்மா சோறு ஊட்டுவாங்க. திருப்பிப் போட அவங்களால முடியாது, வயசானவங்க. முதுகுல புண்ணு வந்துச்சு. அது ஆறல. இவ்ளோ துளிர் வந்தப்பறம்தான் போனாரு." கட்டைவிரல் நுனியைக் காட்டினார். "அதப் பாத்துட்டாரு."

புண்ணைப் பற்றிச் சொன்னதையும் துளிரைப் பற்றிச் சொன்னதையும் ஒரே குரலில்தான் சொன்னார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகளில் ஒன்றுகூட அதற்குப் போதாது. அவர் எழுந்து போய் டீ கொண்டுவந்தார். எவர்சில்வர் டம்ளரில், இஞ்சி வாசனையோடு. பத்து வருஷத்துக்கு முந்தைய அதே டீ. என்னுடைய மெஷின் நிறுத்திவைத்த டீ.

குடித்தேன். எதிரே இருந்தவரைப் பார்க்க முடியாமல் மரத்தைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில் டம்ளரில் ஒரு வாய் மிச்சம் இருந்ததை மறந்துவிட்டேன். டம்ளர் பிடித்த கை நாற்காலியின் பக்கவாட்டில் தொங்கியது. அங்கே டிரம்மின் விளிம்பு. சத்தியமாக எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை.

லூர்துமேரி எழுந்தார். கதவு மூலையிலிருந்த ஒரு சின்ன பக்கெட்டை எடுத்து என் காலடியில் வைத்தார்.

"மீதி இருந்தா இதுல ஊத்துங்க சார். மரத்துல நக்கோ."

குத்தலாகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் செருப்பை இங்கே விடுங்கள் என்று சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குப் பச்சை பக்கெட் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமைச் செம்மண் ஞாபகம் வந்தது.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா மேரிம்மா?"

"தெனம் காலைல நான்தான சார் மண்ணத் தொட்டுப் பாப்பேன். பால் வாட தெரியாதா? வாரம் ஒருக்கா சொரண்டிப் போட்டேன். முடியல."

"அப்புறம் ஏன் அன்னைக்கு நீங்க ஊத்தினதா ஒத்துக்கிட்டீங்க?"

"பெரிய சார் முன்னாடி உங்கள எப்படிச் சொல்றது? நீங்க ஆபீஸர். நான் ஹவ்னு சொல்லிட்டா அதோட முடிஞ்சிடும். அப்புறம் நீங்க என்னப் பாத்துப்பீங்கன்னு நெனச்சேன். யோகேஷ்கிட்ட சொல்லுவீங்கன்னு." புடவைத் தலைப்பால் டிரம்மின் விளிம்பைத் துடைத்தார். "ஒரு மாசம் பாத்தேன் சார்."

உள்ளறையைக் காட்டி, "அந்தப் புள்ளகிட்ட என்னைய நல்லவன்னு சொல்லி வச்சிருக்கீங்களே" என்றேன்.

"அவ அங்க வேல பாக்கணும்ல சார். கைக்கு அவகிட்ட அதெல்லாம்?"

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். கண்ணில் நீர் முட்டியதில் மரமும் அவரும் கலங்கித் தெரிந்தார்கள். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. காய்ந்த ஒரு இலையைக் கிள்ளி பக்கெட்டில் போட்டுவிட்டு, "குடிங்க சார், ஆறிடும்" என்றார்.

ஆறித்தான் போயிருந்தது. கடைசி வாயையும் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.